கடல் மீனும் நம்ம ஊர்க் கிணறும்

(வானொலிப் பேச்சு)



இன்றைக்கு நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டால் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். கடலில் பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்களைப் பற்றியும், கரையோரத்து மீன்வளம் எப்படி மாறிப் போச்சு என்பதைப் பற்றியும் பேசப் போகிறேன். "கே.ஜி.கண்டிகைக்கும் கடலுக்கும் என்னய்யா சம்பந்தம்? திருத்தணி மலை மேல ஏறி நின்னு பார்த்தாலும் கடல் தெரியாதே!" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நமக்கும் கடலுக்கும் நடுவில் எண்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஆனாலும் சம்பந்தம் இருக்குங்க. பேச்சு முடிவதற்குள் அது உங்களுக்கே தெரிந்துவிடும்.

முதலில் ஒரு வீட்டுக் கதை. என் தங்கை மகன் ஒருவன் அம்பத்தூர்ப் பக்கம் கம்பெனியில் வேலை பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை வந்தால் அவனுக்குக் கடல்தான். ஃபைபர் கம்பு, ரீல், மீன் மாதிரியே பளபளக்கிற பொய் இரை எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். கடல் அரிப்பைத் தடுக்க வடசென்னைக் கரையில் கருங்கல் கொட்டி வைத்திருக்கிறார்கள் அல்லவா, அந்தக் கல்லின் மேல் விடியற்காலையிலேயே போய் உட்கார்ந்துவிடுவான். போன முறை ஊருக்கு வந்தபோது ஒரு பையில் நாலு கெளுத்தியும் இரண்டு கிழங்கானும் கொண்டுவந்தான். முகத்தில் அப்படி ஒரு பெருமை!

நான் சும்மா இருந்திருக்கலாம். "இதென்னடா மீன்? உங்க தாத்தா எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போய் வந்தா, கொடுவா மீனை மூங்கில் கம்புல கட்டித் தோள்ல போட்டுக்கினு வருவார். வால் முழங்கால்ல இடிக்கும்" என்றேன். எங்க நைனாவுக்கு ரயில்வேயில் ஒரு சிநேகிதர் உண்டு. அவர்கள் இரண்டு பேரும் வருஷத்தில் நாலைந்து தரம் அப்படிப் போவார்கள். இது அறுபதுகளில் நடந்த சங்கதி.

பையன் சிரித்தான். "மாமா, தூண்டில் போடுறவன் சொல்ற அளவுல பாதியக் கழிச்சுக்கணும்னு எங்க குரூப்ல சொல்வாங்க. தாத்தா சொன்னதுல முக்கால்வாசியக் கழிச்சுடலாம்" என்றான்.

எனக்குக் கோபம் வந்தாலும், யோசித்துப் பார்த்தபோது அவன் கேட்டதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. பெரியவர்கள் சொல்கிற பழைய மீன் நிஜமா, வாய்ச்சவடாலா? அதற்குச் சாட்சி உண்டா? இதைத்தான் கொஞ்சம் விவரமாகத் தேடிப் பார்த்தேன்.

சாட்சி அமெரிக்காவில் கிடைத்தது. அந்த நாட்டின் தென்கோடியில், ஃபுளோரிடா மாநிலத்தில் கீ வெஸ்ட் என்றொரு தீவு ஊர். அங்கே உல்லாசப் பயணிகளைப் படகில் ஏற்றிக்கொண்டு போய்த் தூண்டில் போடவைத்து, சாயங்காலம் கரைக்கு வந்ததும் அன்றைக்குப் பிடித்த மீனையெல்லாம் ஒரு பலகையில் வரிசையாகத் தொங்கவிட்டு, பக்கத்தில் ஆட்களை நிறுத்திப் படம் எடுப்பது வழக்கம். பல வருஷங்களாக அப்படி எடுத்த படங்களை லோரன் மெக்லெனகன் என்ற பெண் விஞ்ஞானி தேடி எடுத்தார். 1956 முதல் 2007 வரை உள்ள படங்கள். பலகையின் அளவை வைத்துக்கொண்டு, அதில் தொங்கும் ஒவ்வொரு மீனின் நீளத்தையும் கணக்குப் போட்டார். 2009-ல் அந்த ஆராய்ச்சி வெளியானது.

முடிவு என்ன தெரியுமா? ஐம்பதுகளின் கடைசியில் பிடிபட்ட மீனின் சராசரி எடை ஏறக்குறைய 20 கிலோ. 2007-ல் அது 2.3 கிலோ! முதல் படங்களில் ஆள் உயரத்துக்குக் களவா மீனும் சுறாவும் தொங்குகின்றன. கடைசிப் படங்களில் முழ நீளம்கூட இல்லாத சின்னச் சங்கரா இன மீன்கள். ஆனால் பக்கத்தில் நிற்கிறவர்களின் முகத்தில் சிரிப்பு மட்டும் எள்ளளவும் குறையவில்லை. பழைய படத்தை அவர்கள் பார்த்ததில்லை. தங்கள் கையில் இருப்பதுதான் பெரிய மீன் என்று நினைக்கிறார்கள். என் மருமகன் கெளுத்தியைத் தூக்கிக் காட்டியபோது அவன் முகத்தில் பார்த்தேனே, அதே சிரிப்பு!

டேனியல் பாலி என்ற மீன்வள விஞ்ஞானி 1995-லேயே இதைப்பற்றி எழுதியிருக்கிறார். ஒவ்வொரு தலைமுறையும் தான் வேலையைத் தொடங்கிய நாளில் கடல் எப்படி இருந்ததோ, அதையே சரியான நிலை என்று எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பிறகு குறைந்ததைத்தான் குறைவு என்று கணக்குப் பார்க்கிறது. அடுத்த தலைமுறை அந்தக் குறைந்த நிலையிலிருந்து கணக்கைத் தொடங்குகிறது. இப்படியே அளவுகோல் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. யாருக்கும் நஷ்டம் தெரிவதில்லை.

விவசாயிகளே, இது நமக்குப் புரியாத சங்கதியா? நம்ம ஊர்க் கிணற்றை நினைத்துப் பாருங்கள். கவலை இறைத்த காலத்தில் மாடு எத்தனை அடி பின்னால் போச்சோ அவ்வளவுதான் தண்ணீரின் ஆழம். பிறகு ஆயில் இன்ஜின் வந்தது. கரண்டு மோட்டார் வந்தது. கிணற்றுக்குள் போர் போட்டோம். இப்போது கிணறே இல்லாமல் நேராக ஆழ்துளைக் கிணறு. இன்றைக்குப் பிறந்த பிள்ளைக்குத் தண்ணீர் நூற்றுக்கணக்கான அடியில் இருப்பதுதான் இயற்கை. "கையால் மொண்டு குடித்தோம்" என்று தாத்தா சொன்னால் அதுவும் அவனுக்கு மீன் கதைதான்!

கடலில் நடந்ததும் இதே கதை. எப்படி என்று பார்ப்போம்.

நம் நாட்டில் மீன் குறைகிறதே என்று அரசாங்கத்தின் காதில் முதலில் போட்டவர்களில் ஒருவர், பொழுதுபோக்காகத் தூண்டில் போட்ட ஒரு வெள்ளைக்கார அதிகாரி. ஹென்றி சல்லிவன் தாமஸ் என்று பெயர். சென்னை மாகாண சிவில் சர்வீஸில் இருந்தவர். மங்களூர் இருக்கும் தென் கன்னட ஜில்லாவில் வேலை பார்த்தபோது, ஆற்றிலும் கழிமுகத்திலும் தூண்டில் போட்டுப் பழகியவர். இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 1873-ல் ஒரு புத்தகமே எழுதினார். விஷம் கலக்கிக் குஞ்சு குளுவானோடு அள்ளுவதையும், கண் சிறுத்த வலையால் வாருவதையும் தடுக்க வேண்டும் என்று வாதாடினார். அதே காலத்தில் சென்னை ராணுவத்தில் வைத்தியராக இருந்த பிரான்சிஸ் டே, இந்தியக் கடல்களிலும் ஆறுகளிலும் உள்ள மீன்களையெல்லாம் ஆராய்ந்து, 1875 தொடங்கிப் படங்களோடு பெரிய நூலாக வெளியிட்டார். இன்றைக்கும் மீன் ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் புரட்டுகிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் வற்புறுத்தியதன் பலனாக 1897-ல் இந்திய மீன்வளச் சட்டம் வந்தது. வெடி வைத்தும் விஷம் போட்டும் மீன் பிடிப்பது குற்றம் என்றது அந்தச் சட்டம். கரையிலிருந்து ஒரு கடல் லீக் தூரம் வரைக்கும், அதாவது மூன்று கடல் மைல் வரைக்கும், அது செல்லும். இந்த மூன்று கடல் மைல் என்ற கணக்கை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடி வரும்.

இதில் ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. பொழுதுபோக்குக்காகப் பிடிக்கிற துரைகள், வயிற்றுக்காகப் பிடிக்கிற ஏழையைப் பார்த்துக் "குஞ்சைப் பிடிக்காதே" என்று சொன்னார்கள். சொன்னது சரியான சொல்தான். ஆனால் அன்றைக்குக் கட்டுமரத்தில் போன மீனவனால் கடலைக் காலி பண்ண முடியுமா? நாலு கட்டையைக் கயிற்றால் கட்டிய மரம். பருத்தி நூலிலும் சணலிலும் பின்னிய வலை. காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் துடுப்பு. கண்ணுக்குக் கரை தெரிகிற தூரத்துக்குள்ளேதான் பெரும்பாலும் தொழில். ஐப்பசி கார்த்திகையில் புயல் அடித்தால் மரம் கரையில் கிடக்கும். கடலுக்கு அதுவே ஓய்வு. மீன் வளர்ந்ததற்குக் காரணம் சட்டம் மட்டும் அல்ல. மனுஷனின் கை அவ்வளவு தூரம் எட்டவில்லை, அதுதான் முக்கியம்.

அடுத்து வருகிறவர் நம்ம விவசாயிகளுக்குச் சொந்தக்காரர் மாதிரி. சர் பிரெடரிக் நிக்கல்சன். கடன்பட்ட குடியானவனுக்குக் கூட்டுறவுதான் வழி என்று 1895-லும் 1897-லும் அறிக்கை எழுதியவர். 1904-ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்ததற்கு அந்த அறிக்கை ஒரு பெரிய காரணம். அந்தச் சட்டத்தின் கீழ் அதே வருஷம் நம்ம திருவள்ளூர்ப் பக்கத்துத் திரூரில் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் பதிவானது நமக்கெல்லாம் பெருமை. அதே நிக்கல்சன்தான் பிறகு மீன் பக்கம் திரும்பினார். 1907-ல் சென்னை மாகாணத்தில் மீன்வளத் துறை தொடங்கியது அவருடைய முயற்சியால். குடியானவனுக்கு விதை எப்படியோ, கடலுக்குக் குஞ்சு அப்படி என்று புரிந்துகொள்ள உழவைப் பற்றித் தெரிந்த ஆள்தான் வேண்டும் போலிருக்கிறது!

அந்தக் காலத்தில் கடல் மீன் நம்ம பக்கத்துக்கு எப்படி வந்தது? பெரும்பாலும் கருவாடாகத்தான். உப்புக்கு வரி இருந்த காலம். மீனுக்குப் போட உப்பு வாங்க மீனவனுக்குக் கட்டுப்படி ஆகாது. அதனால் சென்னை மாகாணக் கரையோரத்தில் அரசாங்கமே மீன் உப்பிடும் பட்டிகள் வைத்து, அங்கே மட்டும் மலிவாக உப்புக் கொடுத்தது. ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் 1856-லேயே ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. அரக்கோணம் அந்தப் பாதையில் இருக்கிறது. கருவாடு ரயில் ஏறி வந்து நம்ம சந்தைகளில் இறங்கியது.

இனிமேல்தான் பெரிய திருப்பம். சுதந்திரம் நெருங்கிய நேரம். 1947 பிப்ரவரியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அதன் தலைமையிடம் பல வருஷம் நம்ம மண்டபத்தில் இருந்து, பிறகு கொச்சிக்குப் போனது. 1952-ல் நார்வே நாட்டோடு ஒப்பந்தம் போட்டு, கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கத்தில் நீண்டகரையில் இந்தோ-நார்வே திட்டம் வந்தது. மீனவனுக்கு இன்ஜின் வைத்த படகு, ஐஸ், நல்ல வலை கொடுத்து அவன் வாழ்க்கையை உயர்த்துவது நோக்கம். தமிழ்நாட்டிலும் ஐம்பதுகளிலேயே விசைப்படகு இறங்க ஆரம்பித்தது. பருத்தி வலை போய் நைலான் வலை வந்தது. 1953-ல் கொச்சியிலிருந்து உறைய வைத்த இறால் முதன்முதலில் வெளிநாட்டுக்குக் கப்பல் ஏறியது. அறுபதுகளில் இறாலுக்குக் கிடைத்த விலையைப் பார்த்து மீனவர் அல்லாதவர்களும் படகு வாங்கினார்கள்.

இறால் தரையோடு தரையாக வாழ்கிறது. அதைப் பிடிக்க, பை மாதிரி ஒரு மடிவலையைக் கடலின் அடித்தரையில் போட்டு, விசைப்படகு மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும். அதில் இறால் மட்டுமா சிக்கும்? சங்கராவின் குஞ்சு, கிழங்கான் குஞ்சு, நண்டு, காரப்பொடி, நட்சத்திர மீன், பாசி எல்லாம் சேர்ந்து வரும். இறாலைப் பொறுக்கிக்கொண்டு மற்றதை முதலில் கடலிலேயே கொட்டினார்கள். இப்போது அதற்கும் விலை வந்துவிட்டது. காயவைத்து அரைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன் தீவனத்துக்கும் போகிறது. நாம் கோழிக்குப் போடுகிற தீவன மூட்டையில், ஒரு வருஷம் விட்டிருந்தால் ஒரு கிலோ எடைக்கு வந்திருக்கக்கூடிய மீனின் குஞ்சும் இருக்கலாம். விதை நெல்லைக் குத்திக் கோழிக்குப் போட்ட கதைதான் இது.

எழுபதுகளில் கட்டுமரக்காரர்களுக்கும் விசைப்படகுக்காரர்களுக்கும் கரையோரமெங்கும் மோதல் வந்தது. கரையோரத்தில் விரித்த வலையை விசைப்படகு அறுத்துக்கொண்டு போனால் யார்தான் பொறுப்பார்கள்? அதன் பிறகு 1983-ல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கரையிலிருந்து மூன்று கடல் மைல் வரைக்கும் நாட்டுப் படகுகளுக்கே. விசைப்படகு அதைத் தாண்டித்தான் தொழில் செய்ய வேண்டும் என்றது. நான் முன்னே சொன்ன அதே மூன்று கடல் மைல்! நண்டும் இறாலும் மீன் குஞ்சும் அதிகமாக வளர்கிற நாற்றங்கால் அதுதான். கோடு போட்டது சரி. ஆனால் கடலில் போட்ட கோடு வரப்பு மாதிரி கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் அதை மீறுவதும் நிற்கவில்லை.

2001-ல் இன்னொரு நல்ல ஏற்பாடு வந்தது. நம்ம கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 45 நாளைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பிற்பாடு அதை 61 நாளாக்கி, ஜூன் 14 வரைக்கும் நீட்டினார்கள். அந்த நாட்களில் மீனவக் குடும்பங்களுக்கு அரசு உதவித்தொகை கொடுக்கிறது. நிலத்தைத் தரிசு போட்டு ஆறவிடுகிறோமே, அது மாதிரி.

இப்போது நீங்கள் ஒரு கேள்வி கேட்கலாம். "மீன் குறைஞ்சுபோச்சுன்னு சொல்றீங்க. மார்க்கெட்டுல மீன் குவிஞ்சு கிடக்குதே?" உண்மைதான். 1950 வாக்கில் இந்தியா முழுவதும் கடலில் பிடித்த மீன் வருஷத்துக்குச் சுமார் 5 லட்சம் டன். 2012-ல் அது சுமார் 39 லட்சம் டன். 2023-ல் சுமார் 35 லட்சம் டன். கணக்கைப் பார்த்தால் ஏழு மடங்கு ஏறியிருக்கிறது. அப்புறம் என்ன குறை?

இங்கேதான் கிணற்றை மறுபடி நினைக்க வேண்டும். மோட்டார் வைத்த பிறகு ஊரில் தண்ணீர் அதிகமாகத்தான் பாய்ந்தது. மூன்று போகம் எடுத்தவர்களும் உண்டு. அதைப் பார்த்து நிலத்தடி நீர் பெருகிவிட்டது என்று யாராவது சொல்வார்களா? எட்டாத ஆழத்துக்குக் கை எட்டியது, அவ்வளவுதான். கடலிலும் முன்பு ஒரு நாளில் திரும்பியவர்கள், இப்போது பல நாள் தங்கி, ஐஸ் நிரப்பிக்கொண்டு, ஆழக்கடலுக்குப் போய்ப் பிடிக்கிறார்கள். முன்பு வேண்டாம் என்று ஒதுக்கியதையும் கொண்டுவருகிறார்கள்.

இரண்டாவது, மீனின் ஜாதி மாறிவிட்டது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும். பெரியதைப் பிடித்துவிட்டால், சின்னது கொஞ்ச காலம் பெருகும். பிறகு சின்னதையும் பிடிக்கிறோம். இந்தியக் கரையில் 1950 முதல் பிடிபட்ட மீன்களின் கணக்கை எடுத்து நம்ம விஞ்ஞானிகள் 2005-ல் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். மேல்தட்டு மீனிலிருந்து கீழ்த்தட்டு மீனுக்கு இறங்கி வருகிற அடையாளம் தென்கிழக்குக் கரையில், அதாவது நம்ம பக்கத்தில், தெரிந்தது.

மூன்றாவது, சில ஜாதி மீன்கள் கிட்டத்தட்ட காணாமலே போய்விட்டன. வேளாச்சுறா என்று ஒன்று உண்டு. முகத்துக்கு முன்னால் ரம்பம் மாதிரி நீண்ட மூக்கு. அந்த ரம்பத்தைக் கோயிலிலும் மாதா கோயிலிலும் காணிக்கையாக வைத்தவர்கள் உண்டு. அந்த ரம்பமே அதற்கு எமன். எந்த வலையிலும் முதலில் அதுதான் மாட்டிக்கொள்ளும். இன்றைக்கு அது வலையில் வந்தால் பத்திரிகைச் செய்தி. 2001-ல் புலிக்கும் யானைக்கும் உள்ள அதே சட்டப் பாதுகாப்பை அதற்கும் கொடுத்துவிட்டார்கள். பிடித்தால் ஜெயில்.

மாற்றமெல்லாம் குறைவு பக்கமே என்று சொன்னால் அதுவும் பொய்யாகிவிடும். மலையாளத்தில் மத்தி என்கிறார்களே, அந்த நெய்ச்சாளை முன்னெல்லாம் மேற்குக் கரையின் மீன். எண்பதுகளின் கடைசியிலிருந்து நம்ம கிழக்குக் கரையிலும் ஏராளமாகப் பிடிபட ஆரம்பித்தது. கடல் சூடேறுவதும் இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். ஆகவே கடல் ஒரே நிலையில் நிற்பதில்லை. நாம் செய்வதும் உண்டு, இயற்கை செய்வதும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால் பழைய கணக்கு கையில் இருக்க வேண்டும். அது இல்லாததுதான் நம்ம குறை.

சரி, தூண்டில்காரன் விஷயத்துக்கு வருவோம். விசைப்படகோடு ஒப்பிட்டால் கல்லின் மேல் உட்கார்ந்து தூண்டில் போடுகிறவன் எடுப்பது கைப்பிடி அளவுதான். கடலைக் காலி பண்ணியது அவன் அல்ல. ஆனால் கீ வெஸ்ட் கதை என்ன சொல்கிறது? பொழுதுபோக்குத் தூண்டிலுக்கும் பெரிய மீன் மேல்தான் கண். கலிபோர்னியா பக்கத்துச் சாண்டா கேட்டலினா தீவில் 1898-ல் சார்லஸ் ஹோல்டர் என்பவர் 183 பவுண்டு, அதாவது 83 கிலோ எடையுள்ள சூரை மீனைத் தூண்டில் கம்பால் பிடித்தார். அதே வருஷம் அங்கே ஒரு தூண்டில் சங்கம் வந்தது. மெல்லிய கயிறு போட வேண்டும், மீனுக்கும் தப்பிக்க ஒரு வழி இருக்க வேண்டும் என்று விதி வைத்தார்கள். அதற்குப் பின்னால் உலகமெங்கும் "பெரிசு பிடித்தவன் யார்" என்ற போட்டி வந்துவிட்டது.

பெரிய மீனை எடுத்தால் என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். பெரிய மீன்தான் தாய் மீன். ஒரு கிலோ எடையுள்ள பத்து மீன் இடும் முட்டையைவிட, பத்துக் கிலோ எடையுள்ள ஒரே மீன் இடும் முட்டை பல ஜாதிகளில் அதிகம். கொடுவாவில் இன்னும் ஒரு விசித்திரம். அது வளரும்போது முதலில் ஆண். பெரிசான பிறகு பெண்ணாக மாறுகிறது! எங்க நைனா தோளில் தொங்கியதெல்லாம் பெண் மீனாகத்தான் இருந்திருக்கும். அன்றைக்கு அவருக்கு அது தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று நான் சில நேரம் யோசிப்பதுண்டு.

இப்போது பல நாடுகளில் பிடித்த மீனை அளந்து, படம் எடுத்துக்கொண்டு, உயிரோடு கடலில் விட்டுவிடுகிறார்கள். அந்தமானில் பெரும்பாறை மீனுக்காக வரும் தூண்டில்காரர்களும் அப்படித்தான் பலர் செய்கிறார்கள். நம்ம பையன்களும் செய்யலாம். தூண்டில் முள்ளின் எதிர்முனையை நசுக்கிவிட்டால் மீனின் வாய் கிழியாது. கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். காய்ந்த கையால் தொட்டால் அதன் வழுவழுப்பான மேல்பூச்சு போய் நோய் வந்துவிடும். வெயிலில் போட்டுவைத்துப் படம் எடுத்துவிட்டு, பிறகு விட்டுப் புண்ணியம் இல்லை. சட்டென்று விட வேண்டும். சாப்பாட்டுக்கு வேண்டுமா, நடுத்தர அளவில் இரண்டு வைத்துக்கொள். குஞ்சையும் தாயையும் விடு. இதுதான் முறை.

கடைசியாக, கே.ஜி.கண்டிகைக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி. நம்ம திருத்தணியை ஒட்டிப் போகும் நந்தி ஆறு எங்கே போகிறது? கொசஸ்தலை ஆற்றில் சேர்கிறது. கொசஸ்தலை ஆறு 1944-ல் கட்டின பூண்டி ஏரியைத் தாண்டி, எண்ணூரில் கடலில் கலக்கிறது. எங்க நைனா கொடுவா பிடித்த அதே முகத்துவாரம்! மலையடிவாரத்தில் பெய்த மழைதான் அங்கே போய்க் கடல் தண்ணீரோடு கலந்து, உப்பும் நன்னீருமாக ஒரு நாற்றங்காலை உண்டாக்கியது. மடவை, இறால், கொடுவாக் குஞ்சு எல்லாம் அந்தக் கலப்புத் தண்ணீரில் வளர்ந்து, பிறகு கடலுக்குப் போகும்.

இன்றைக்கு அந்த எண்ணூர்க் கழிமுகம் எப்படி இருக்கிறது? தொழிற்சாலைக் கழிவு, அனல் மின் நிலையச் சாம்பல். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வேறு கலந்து வந்து படகும் வலையும் கருத்துப் போச்சு. அது பட்டணத்தார் செய்தது என்று நாம் கையைக் கழுவிக்கொள்ளலாம். ஆனால் மேலே ஆற்று மணலை வாரியவர்கள் யார்? வரத்துக் கால்வாயை அடைத்தவர்கள் யார்? அளவுக்கு மேல் பூச்சிமருந்து அடித்துவிட்டு, மழைக்கு முந்தின நாள் டின்னை ஓடையில் கழுவியவர்கள் யார்? கண்ணால் பார்க்காத கடலில் நம்ம கையும் இருக்குதுங்க.

ஆகவே விவசாய நண்பர்களே, மூன்று காரியம் செய்யலாம். மருந்து டின்னை ஓடையிலும் ஆற்றிலும் கழுவாதீர்கள். ஓடை என்பது கடலுக்குப் போகிற வாய்க்கால். சந்தையில் விரல் நீளச் சங்கராக் குஞ்சும் வஞ்சிரக் குஞ்சும் மலிவாக வந்தால் வாங்காதீர்கள். நெத்திலி, கவலை மாதிரி இயற்கையிலேயே சின்னதாக இருக்கும் மீன் இருக்கிறது, அதை வாங்குங்கள். மூன்றாவது, ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். கிணற்றில் தண்ணீர் எத்தனை அடியில் இருந்தது, ஏரியில் என்ன மீன் இருந்தது, எந்த வருஷம், எவ்வளவு எடை. கீ வெஸ்ட்டில் படம் இருந்தது. நம்மிடம் பெரியவர்களின் நினைவு மட்டும்தான் இருக்கிறது. அது அவர்களோடு போய்விட்டால், நாலு கெளுத்தியே பெரிய மீன் என்று ஆகிவிடும்.

என் மருமகனிடம் இதையெல்லாம் சொன்னேன். உடனே ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்துக் காட்டினான். தேதி, இடம், மீன் பெயர், நீளம், எடை, வைத்துக்கொண்டதா, விட்டதா என்று வரிசையாகக் கோடு போட்டு எழுதியிருந்தான். முதல் பக்கத்தின் மேலே, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வரி: "தாத்தா, எண்ணூர், கொடுவா, முழங்கால் வரை." எடை என்ற இடத்தை மட்டும் காலியாக விட்டிருந்தான். "தெரியாததை எழுதக்கூடாதில்ல மாமா" என்றான்.

அந்தக் காலி இடத்தைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. நம்ம பேரப் பிள்ளைகள் நம்மைப் பற்றி எழுதும்போது அப்படிக் காலி இடம் இல்லாமல் இருக்கட்டும்.